காலித் தோட்டா வெளியே வராத கதை



போன வாரம் டெக்சாஸில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேள்வி ஒன்று அனுப்பியிருந்தார். “சார், ஸ்கூல்ல என்.சி.சி. ஃபயரிங் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. இங்க ஒரு .22 ரிவால்வர் வாங்கி ரேஞ்சுக்குப் போய்க்கிட்டிருக்கேன். நாலு சுத்து சுட்டதும் காலித் தோட்டா உள்ளயே ஒட்டிக்குது. அமுக்கி அமுக்கிக் கை வலிக்குது, வெளிய வர மாட்டேங்குது. என்ன காரணம்?”

அவருக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 180 வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நம் சேர்வராயன் மலையையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நம் சொந்தபந்தங்களில் பழைய எஸ்டேட் வீடுகளும், அவற்றில் தாத்தா காலத்துத் துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நாம் பொதுவாகத் தோட்டா என்று சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று. முன்னால் ஈயக் குண்டு, அதன் பின்னால் வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் சிறு தீப்பொறிக் கலவை, இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். கூடு மட்டும் துப்பாக்கிக்குள்ளேயே நிற்கும். அதை எடுத்தால்தான் அடுத்ததைப் போட முடியும். மாணவர் கேட்டது இந்தக் கூட்டைப் பற்றித்தான்.

இந்தக் கூடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டா என்பது காகிதப் பொட்டலம். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே தள்ளி, கம்பியால் இடிக்க வேண்டும். சுட்ட பிறகு வெளியே எடுக்க எதுவும் இருக்காது. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுக்கான காகிதத் தோட்டாவில் தடவியது பசுவின் கொழுப்பா பன்றியின் கொழுப்பா என்ற சந்தேகம்தான் 1857 பெரும் கிளர்ச்சிக்கு உடனடிப் பொறி என்று ஏழாம் வகுப்பிலிருந்து படித்திருக்கிறீர்கள். மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10-ல் மீரட்.

அந்தப் பதற்றம் நம் ஏற்காடு வரை வந்தது என்பார்கள். சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர். அவருடைய கிரேஞ்ச் பங்களா கோட்டை மாதிரி கட்டப்பட்டது. 1857-ல் அதன் மதில்மேல் பீரங்கி ஏற்றி, நிலவறையில் ஆறு மாதத்துக்கான உணவுப் பொருள் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று ஏற்காட்டில் இன்றும் சொல்கிறார்கள். இந்த மலையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் எங்கோ வடக்கே ஒரு காகிதத் தோட்டாவில் தொடங்கிய பயம் இந்த மலை உச்சி வரை ஏறியிருக்கிறது.

அதே 1857-ல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி தன் முதல் ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. அது .22 அளவு, ஏழு தோட்டா பிடிக்கும். காகிதம் கிடையாது, முழுக்க உலோகக் கூடு. இந்தியாவில் காகிதத் தோட்டா ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்த அதே வருடம், உலகின் மறுபக்கத்தில் காகிதத் தோட்டாவின் காலம் முடியத் தொடங்கிவிட்டது.

அந்தத் தோட்டாவின் மூலக் கருத்து பிரான்சின் ஃப்ளோபேருடையது, 1845. அவர் செய்தது எளிய வேலை. தீபாவளிக்கு விளையாட்டுத் துப்பாக்கியில் போடும் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோன்ற கேப்பை ஒரு சிறு உலோகக் குப்பியாக்கி, அதன் வாயில் ஈயக் குண்டைச் செருகிவிட்டார். வீட்டுக் கூடத்தில் சுட்டு விளையாட அது போதுமானதாக இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைக் கொஞ்சம் நீட்டி உள்ளே மருந்தும் போட்டது. தீப்பொறிக் கலவையைக் கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை எங்கே நசுக்கினாலும் தீப்பிடிக்கும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் வெடிப்பது என்று பெயர்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஊசி நசுக்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக, மிருதுவாக இருக்க வேண்டும். விளிம்பும் கூடும் ஒரே தகடு என்பதால் கூடும் மெல்லியதாகத்தான் இருக்கும். மெல்லிய கூடு வெடிப்பின் அழுத்தத்தில் உப்பி, சுற்றியுள்ள எஃகு அறையின் சுவரில் அப்பிக்கொள்ளும். எந்த மிருதுத்தன்மை அதை வெடிக்க வைக்கிறதோ, அதே மிருதுத்தன்மைதான் அதை ஒட்டிக்கொள்ளவும் வைக்கிறது. மாணவர் கேட்ட தொல்லை ரிம்ஃபயரின் பிறவிக் குணம்.

அந்த முதல் ரிவால்வரில் காலிக் கூட்டை எடுக்கும் முறை வேடிக்கையானது. குழலை மேலே தூக்கி, உருளையைக் கழற்றிக் கையில் எடுத்து, குழலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் ஒவ்வோர் அறையாகக் குத்தித் தள்ள வேண்டும். ஏழு கூட்டுக்கு ஏழு குத்து. 1870-ல் வந்த அவர்களுடைய பெரிய ரிவால்வரில் ஒரு முன்னேற்றம். கீலில் மடித்துத் திறந்தால், நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எல்லாக் கூடுகளின் விளிம்பையும் ஒரே நேரத்தில் பிடித்துத் தூக்கிவிடும். பின்னாளில் இந்தியாவில் வெள்ளை அதிகாரிகளும் போலீசாரும் இடுப்பில் வைத்திருந்த வெப்லி ரிவால்வரும் அந்த மாதிரிதான். மடிக்கும்போது குழலே நெம்புகோலாக வேலை செய்வதால் கூடு சற்று இறுகியிருந்தாலும் வந்துவிடும். 1889-ல் கோல்ட் கம்பெனி உருளை பக்கவாட்டில் வெளியே வரும் ரிவால்வரைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் அதுதான். இதில் தள்ளுதண்டை அமுக்குவது நம் உள்ளங்கை மட்டுமே, நெம்புகோல் பலம் கிடையாது. ஆறு கூடும் ஆளுக்குக் கொஞ்சம் ஒட்டினால், ஆறின் பிடிப்பும் சேர்ந்து ஒரே கையில் வந்து நிற்கும்.

ரேஞ்சில் இது எரிச்சல், அவ்வளவுதான். போர்க்களத்தில் உயிர்ப் பிரச்சினை. 1876 ஜூன் 25-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்கள் ஜெனரல் கஸ்டரின் படையை அடியோடு முறியடித்தார்கள். அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனில் அப்போது செப்புக் கூட்டுத் தோட்டா. குழல் சூடானதும் கூடு இறுகி, இழுக்கும்போது அடி விளிம்பு மட்டும் கிழிந்து வந்ததாகவும், வீரர்கள் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தபோதே மாண்டதாகவும் ஒரு கதை பரவியது. 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருடம் தொல்லியலாளர்கள் உலோகங்காட்டும் கருவியோடு அங்கே இறங்கினார்கள். கிடைத்த கூடுகளில் நெம்பிய கீறல் இருந்தவை மிகச் சில. தோட்டா சிக்கியது உண்மை, தோற்றது அதனால் மட்டுமல்ல என்று முடிவுக்கு வந்தார்கள். வரலாறு படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தோற்ற பக்கம் எப்போதும் ஒரு கருவியின்மேல் பழிபோடப் பார்க்கும்.

மூன்று வருடம் கழித்து, 1879 ஜனவரி 22-ல், தென்னாப்பிரிக்காவின் இசாண்டல்வானாவில் ஜூலு படையிடம் ஆங்கிலேயர்கள் தோற்றார்கள். அவர்களுடைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் தோட்டாக் கூடு ஒரே துண்டு அல்ல, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சூட்டில் அது நசுங்கியும் கிழிந்தும் சிக்கும். 1885-ல் சூடானின் அபு க்ளியாவிலும் இதே புகார், அங்கே மணலும் சேர்ந்துகொண்டது. பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு எங்கும் நிலைத்தது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்தக் கலவை வெடிக்கும்போது விரிந்து அறையை அடைக்கும், அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கி விலகிக்கொள்ளும். அந்த இம்மியளவு சுருக்கம்தான் காலிக் கூட்டை வெளியே விடுகிறது. அது நடக்காமல் போனால்தான் ஒட்டல்.

இனி நம் மலைக்கு வருவோம்.

1878-ல் வைசிராய் லிட்டன் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார். ஒன்று தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், மற்றொன்று ஆயுதச் சட்டம். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் சில வருடங்களிலேயே நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் நீடித்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. காங்கிரஸ் தன் தொடக்க கால மாநாடுகளிலேயே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. இதே காபி விளையும் குடகு நாட்டில் மட்டும் அந்த மக்களுக்குத் தனி விலக்கு கொடுத்தார்கள், அது இன்றும் தொடர்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

விளைவு, ஒரே மலையில் இரண்டு காலம். பங்களாவில் பித்தளைத் தோட்டாத் துப்பாக்கியும் ரிவால்வரும். கீழே ஊரில், காட்டுப்பன்றியிடமிருந்து தினையையும் சாமையையும் காக்க வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. உரிமத் தாள்களில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். அந்தக் கருவிக்கு உள்ளூர்க் கொல்லர் போதும். கரிமருந்து, ஈய ரவை, ஒரு கேப்பு இருந்தால் சுடலாம். கடையில் தோட்டா வாங்க வேண்டியதில்லை. காலிக் கூடு என்ற ஒன்றே கிடையாது என்பதால் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. உலகம் 1860-களில் கைவிடத் தொடங்கிய கருவி, சட்டத்தாலும் பணத்தாலும் நம் மலையில் நூறு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது.

அதற்கும் தனித் தொல்லை இருந்தது. ஏற்காட்டு மூடுபனியில் மருந்து நமத்துப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, கிட்டித்துவிட்டுச் சுடாமல் சுவரில் சாய்த்துவைத்த துப்பாக்கி. உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பித்தளைத் தோட்டா என்றால் திறந்து பார்த்துவிடலாம். ஆக, பங்களாக்காரர் தொல்லை வெடித்து முடிந்ததை வெளியே எடுப்பது. ஊர்க்காரர் தொல்லை வெடிக்காததை வெளியே எடுப்பது. யாருக்கு எந்தத் தொல்லை என்பதை முடிவு செய்தது துப்பாக்கி அல்ல, சட்டம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது, 1962-ல் நடைமுறைக்கு வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மலைக் கிராமங்களில் காவல்துறையும் வனத்துறையும் இன்றும் அவ்வப்போது அறிவிப்புச் செய்கின்றன.

சாதாரணத் தமிழ்ப் பிள்ளைகள் ரிம்ஃபயர் தோட்டாவைக் கையில் தொட்டது 1948-ல் என்.சி.சி. வந்த பிறகுதான். 25 கஜத்தில் .22 ரைஃபிள், ஆளுக்கு ஐந்து தோட்டா. என்னிடம் பயிற்சி பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு மறந்திருக்காது. ஐந்து கொடுத்தால் ஐந்து காலிக் கூடு திரும்ப வர வேண்டும். நான்கு வந்தால் ஐந்தாவது எங்கே என்று தெரியும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. சில நேரம் அது புல்லில் கிடக்கும், சில நேரம் குழலின் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டை எண்ணுவது கஞ்சத்தனம் அல்ல. துப்பாக்கி காலிதான் என்பதற்கு அந்த எண்ணிக்கைதான் சாட்சி.

இப்போது மாணவரின் ரிவால்வர். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, எல்லா அறையிலும் ஒட்டுகிறதா, ஒரே அறையில் மட்டுமா? அறைகளுக்கு எண் கொடுத்து, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் ஒட்டினால் அழுக்கு அல்லது தோட்டா. .22 குண்டின்மேல் மெழுகோ கிரீஸோ தடவியிருப்பார்கள். அது கரியோடும் ஈயத்தோடும் சேர்ந்து அறைச் சுவரில் படியும். இன்னொன்று, .22-ல் ஷார்ட், லாங் ரைஃபிள் என்று இரண்டு நீளம் உண்டு. ஷார்ட் கூடு சுமார் 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் கூடு சுமார் 15.6 மி.மீ. நீள அறையில் குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்டால், அது முடியும் இடத்துக்கு முன்னால் ஒரு கரி வளையம் உருவாகும். பிறகு நீளத் தோட்டா போடும்போது அந்த வளையத்தில் போய் இறுகும். உருளையைக் கழற்றி, கரைப்பான் ஊற்றி, வெண்கல பிரஷ்ஷால் அறை அறையாகத் தேய்க்க வேண்டும். குழலுக்கு உள்ள பிரஷ் அறைக்குச் சற்றுத் தளர்வாக இருக்கும், அதனால் அறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கடைசியில் எண்ணெயைத் துடைத்து உலர்த்திவிட வேண்டும். எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும் என்று நினைப்பது தவறு, எண்ணெய் அழுக்கைச் சேர்க்கும். சுத்தம் செய்தும் ஒட்டினால் வேறு கம்பெனித் தோட்டாவில் ஒரு பெட்டி சுட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சொன்ன அதே விதிதான்.

ஒரே அறையில் மட்டும் ஒட்டினால், அந்தக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நீளமாகக் கீறல் இருந்தால் அறையின் வாயில் பிசிறு இருக்கிறது. பிசிறு எப்படி வந்தது? தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி ‘க்ளிக், க்ளிக்’ என்று விளையாடியதால். ரிம்ஃபயரில் ஊசி அடிக்கும் இடம் விளிம்பு. தோட்டா இல்லாவிட்டால் பல பழைய ரிவால்வர்களில் ஊசி நேராக அறையின் எஃகு ஓரத்தில் போய் அடிக்கும். அந்த ஓரம் நசுங்கி உள்பக்கம் பிதுங்கும், அதுதான் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. இதை அரம் போட்டு ராவக்கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்த கைவினைஞர் அதற்கென்று உள்ள கருவியால் அழுத்திச் சமன் செய்வார்.

நட்சத்திரத் தகட்டின் அடியையும் பார்க்க வேண்டும். எரியாத மருந்துத் துகள் நாலைந்து அங்கே சிக்கினாலே உருளை சரியாக மூடாது. தள்ளும்போது குழல் வானத்தைப் பார்த்தபடி நிமிர்ந்திருந்தால் கூடும் துகளும் தானாகக் கீழே விழும். மெதுவாக அமுக்குவதைவிட ஒரே வீச்சில் தள்ளுவது நல்லது.

செய்யக்கூடாதது ஒன்று. உள்ளே இருப்பது வெடிக்காத தோட்டா என்றால் கம்பி விட்டு இடிக்கவோ கத்தியால் விளிம்பை நெம்பவோ கூடாது. ரிம்ஃபயரில் விளிம்பு முழுவதும் தீப்பொறிக் கலவை. எங்கே நசுங்கினாலும் வெடிக்கும்.

இது டெக்சாஸுக்கு. இனி எழுதுவது ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும்.

எஸ்டேட் வீட்டு அலமாரியில் தோல் உறைக்குள் இருபது முப்பது வருடமாகத் தூங்கும் ரிவால்வர், தோல் வாரில் செருகிய பழைய தோட்டாக்கள். மலையின் ஈரமும் தோல் பதனிட்ட சரக்கும் சேர்ந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கில் பூக்கும் அதே களிம்புதான், ஆனால் இதற்குப் புளி போட்டுத் தேய்க்கும் வேலை வேண்டாம். களிம்பேறிய தோட்டா அறைக்குள் போனால் சுடுவதற்கு முன்பே இறுகிக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் அதை எடுத்து ‘க்ளிக்’ செய்து விளையாடுவது வீடியோவுக்கு நன்றாக இருக்கலாம். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது காலிக் கூடா, வெடிக்காத தோட்டாவா என்று யார் எண்ணி வைத்தார்கள்?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அந்த உரிமம் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. 1959 சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை முடிந்த துப்பாக்கியைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் அதற்குப் பிறகு உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ‘தாத்தா ஞாபகம்’ என்று அலமாரியில் வைத்திருப்பது ஞாபகம் அல்ல, குற்றம்.

ஆகவே, அப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் திறக்கவோ தட்டவோ துடைக்கவோ முயல வேண்டாம். தோட்டா உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஒப்படைக்கும்போது அதுதான் கேட்பார்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.